ஒவ்வொரு கதையும் வேறொருவர் எழுதியதுபோல இருக்கிறது: புதிதாக எழுதுபவர் தம் நடையையும் வேலைமுறையையும் எப்படி அறிவது?

சாத்தூர்க்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, இப்போது கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வருகிறேன். இரண்டொன்று இணைய இதழ்களில் வெளிவந்தும் இருக்கின்றன. அண்மையில் என் கதைகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படித்தபோது அவற்றை ஒரே ஆள் எழுதியதாகவே தோன்றவில்லை. அசோகமித்திரனைப் படித்துக்கொண்டிருந்த மாதங்களில் எழுதியவற்றில் வாக்கியங்கள் சின்னச் சின்னதாக, எதற்கும் அலட்டிக்கொள்ளாமல் நிற்கின்றன. லா.ச.ரா.வைப் படித்த பிறகு எழுதிய கதையோ மந்திரம் சொல்வதைப்போல ஓடுகிறது. எது நான் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கல் மொழியைப் பற்றியது. எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதினால், எழுத்தாளர் கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) சாயல் தெரிகிறது என்கிறார்கள். பொதுத்தமிழில் எழுதினால், மண் இல்லை என்கிறார்கள். இந்த இரண்டு கருத்துகளையும் ஒரே நண்பர் வெவ்வேறு நாள்களில் சொன்னதும் உண்டு.

வேலைமுறையிலும் குழப்பம்தான். முன்கூட்டியே கதையின் போக்கைத் திட்டமிட்டு எழுத உட்கார்ந்தால், எழுதத் தொடங்குவதற்குள் கதை செத்துப் போய்விடுகிறது. திட்டமில்லாமல் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. 'உனக்கான குரலைக் கண்டுபிடி' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை எங்கே, எதை வைத்துத் தேடுவது என்று யாரும் சொல்வதில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வடகரை எழுதியது:

குரலைத் தேடும் வேலையை விட்டுவிட்டு, நாள்தோறும் எழுதும் வேலையைத் தொடங்குங்கள் என்பதே என் ஒரே ஆலோசனை. மனநிலை வாய்த்தால்தான் எழுத முடியும் என்பது பெரும்பாலும் ஒரு சாக்கு. க.நா.சு. நிலையான வேறு வேலை எதையும் பற்றிக்கொள்ளாமல் எழுத்தையே நம்பி வாழ்ந்தவர். நாவல், விமர்சனம், மொழிபெயர்ப்பு என்று ஓயாமல் எழுதினார். நம் காலத்தில் ஜெயமோகன் மகாபாரதத்தை 2014 தொடக்கம் 2020 வரை இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் 26 நாவல்களாக எழுதி முடித்தார். அந்த நாவல்களைப் பற்றி அவரவருக்கு அவரவர் கருத்து இருக்கலாம். ஆனால் நாள் தவறாமல் எழுதுகிற ஒருவருக்கு 'எது நான்' என்று கவலைப்பட நேரம் இருப்பதில்லை என்பதை மறுக்க முடியாது.

அதிகாலை ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள். ஓராண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால், எழுதியவற்றில் எது உங்களுடையது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒற்றைவிளக்கு எழுதியது:

வடகரை அவர்கள் சொன்ன இரண்டு எடுத்துக்காட்டுகளும் சரியானவையே. ஆனால் அவற்றிலிருந்து எடுத்த முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை. மௌனி தம் வாழ்நாள் முழுவதிலும் எழுதியவை ஏறத்தாழ 24 கதைகள் மட்டுமே. புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னார். அ. முத்துலிங்கத்தின் முதல் தொகுப்பு 1964இல் வந்தது. அடுத்த தொகுப்புக்கு வாசகர்கள் 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் அவர் பல நாடுகளில் பணியாற்றினார். திரும்பி வந்து எழுதியபோது அந்த நாடுகள் எல்லாம் அவருடைய கதைகளுக்குள் இருந்தன. நாள்தோறும் ஒரு மணி நேரம் எழுதியிருந்தால் இவர்கள் இன்னும் பெரிய எழுத்தாளர்கள் ஆகியிருப்பார்கள் என்று யாராவது துணிந்து சொல்ல முடியுமா?

ஒருவருக்குப் பொருந்திய வேலைமுறையை அவருடைய வெற்றியின் காரணமாகக் காட்டுவதில் ஒரு பிழை இருக்கிறது. அதே முறையைக் கையாண்டு எதுவும் எழுதாமல் போனவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியவே தெரியாது.

ஈரடுப்பு எழுதியது:

அதிகாலை ஒரு மணி நேரம், வேறோர் அறை என்ற இரண்டும் எல்லோர் வீட்டிலும் இருப்பவை என்று எடுத்துக்கொண்டு பேசுகிறோம். என் வீட்டில் அதிகாலை நேரம் இருக்கிறது. ஆனால் அது இட்லிக்கும் பள்ளிச் சீருடைக்கும் உரியது. வேறோர் அறை இல்லை.

சல்மா துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல் கழிவறைக்குள் ஒளிந்து எழுதியதைப் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். புனைபெயர்கூட அவருக்கு அழகுக்காக வந்ததன்று, மறைந்துகொள்வதற்காக வந்தது. அந்த நிலையில் ஒருவர் முதலில் கவிதை எழுதியதும் நாவல் பின்னால் வந்ததும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கவிதையைத் தலைக்குள் வைத்துக்கொண்டே சமைக்கலாம், துவைக்கலாம். கிடைக்கும் சில நிமிடங்களில் தாளில் இறக்கி வைத்துவிடலாம். நாவலுக்கு மேசையும் கதவும் வேண்டும். இதற்கு நேர்மாறாக ராஜம் கிருஷ்ணனைப் பாருங்கள். அவர் தூத்துக்குடி உப்பளங்களுக்கும் கடலோரக் குப்பங்களுக்கும் நேரில் போய், அங்குள்ளவர்களோடு பேசித் தரவு சேர்த்த பிறகே நாவலைத் தொடங்கினார். பயணம் செய்ய முடிந்த ஒரு வாழ்க்கை அந்த முறையை அவருக்குத் தந்தது.

ஆகவே, 'எந்த முறை சிறந்தது' என்ற கேள்வியைச் சாத்தூர்க்காரி ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதுவரை நீங்கள் முடித்த கதைகளை எங்கே, எப்போது, எதில் எழுதினீர்கள்? முடிக்காத கதைகளை எங்கே தொடங்கினீர்கள்? நான் பார்த்த அளவில் என்னுடைய முடிந்த கதைகள் அனைத்தும் கைப்பேசியில், எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்திகளாகத் தொடங்கியவை. மேசையில் நோட்டுப் புத்தகத்தை விரித்துத் தொடங்கியவை அங்கேயே கிடக்கின்றன. ஓர் எழுத்தாளருக்கு இது பெருமையான முறையா என்று தெரியாது. எனக்கு வேலை செய்கிறது.

மெய்ப்புக்காரர் எழுதியது:

பதிப்பகங்களுக்காக மெய்ப்புப் பார்த்து வாழ்பவன் நான். புதியவர்களின் கையெழுத்துப் படிகளை நிறையப் படிக்க நேர்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலாவது, பாவனையைப் பற்றி. படித்தவரின் நடை உங்கள் கையில் ஒட்டிக்கொள்வதைக் குற்றமாக எண்ண வேண்டியதில்லை. புதுமைப்பித்தனே தொடக்கக் காலத்தில் மாப்பசானின் கதைகளைத் தழுவிச் சிலவற்றை எழுதியிருக்கிறார். அவர் மறைவுக்குப் பின் ஆய்வாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் காட்டினார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். முதிர்ச்சியடைந்த பிறகும் அவர் ஒரே நடையில் எழுதியவர் அல்லர். புராணக் கதையை மறுபடி சொன்னார், பேய்க்கதை எழுதினார், ஏழைக் குமாஸ்தாவின் வீட்டை எழுதினார், தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களை எழுதினார். கவிதை எழுதும்போது வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்று வேறோர் ஆளாகவே மாறிக்கொண்டார். கதைக்குக் கதை நடை மாறுவது மட்டுமே அடையாளமின்மைக்குச் சான்றாகிவிடாது. மாறாமல் இருப்பது எது என்றுதான் பார்க்க வேண்டும். புதுமைப்பித்தனிடம் மாறாதது அந்த ஏளனம் கலந்த பார்வை. கடவுளே வந்து நின்றாலும் அது குறைவதில்லை.

இரண்டாவது, மண்ணைப் பற்றி. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து, ஒன்றாகத் திரிந்து, ஒரே சங்கீதத்தில் மயங்கிய இருவர் எழுத்தாளர்கள் ஆனார்கள். ஒருவர் கி. ராஜநாராயணன், மற்றவர் கு. அழகிரிசாமி. அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்கும் பிறகு மலாயாவுக்கும் போனார். கதை சொல்பவரின் குரலைப் பொதுத்தமிழிலேயே வைத்துக்கொண்டார். கி.ரா. ஊரிலேயே விவசாயியாக இருந்து, முப்பத்தைந்து வயதையொட்டித்தான் கதைகளோடு வெளியே வந்தார். வந்தபோது கதைசொல்லியின் வாக்கியத்தையே ஊர்ப் பேச்சுக்கு மாற்றினார். ஊர் ஒன்று, நட்பு ஒன்று, நடை இரண்டு. எனவே கரிசல் என்னும் கருமண் பகுதியில் பிறந்ததால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று உங்களிடம் சொல்பவர் கரிசல் இலக்கியத்தின் முதல் பக்கத்தையே சரியாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்வேன். அழகிரிசாமியின் கதைகளில் மண் இல்லை என்று சொல்லும் துணிவு அந்த நண்பருக்கு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. குரல் என்பது நாம் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் அலங்காரங்களில் இருப்பதைவிட, யோசிக்காமலே எடுத்துவிடும் முடிவுகளில் அதிகமாக இருக்கிறது. அவற்றை எழுதியவரால் எளிதில் பார்க்க முடியாது. ஒரு பத்தியை இங்கே இட முடியுமா? திருத்தாத பத்தியாக இருந்தால் நல்லது.

சாத்தூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஈரடுப்பு அக்கா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மெய்ப்புக்காரர் ஐயா கேட்டபடி, பாதியில் நின்றுபோன ஒரு கதையிலிருந்து ஒரு பத்தியை இடுகிறேன்:

'கணக்கப்பிள்ளை வருவதற்கு முன்பே செருப்புச் சத்தம் வந்தது. கட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் மாரியம்மாளுக்கு முன்னால் நின்று, அவள் அடுக்கியிருந்தவற்றை எண்ணினார். இரண்டைக் காலால் ஒதுக்கினார். இது கணக்கில் வராது என்றார். மாரியம்மாள் அந்த இரண்டு கட்டைகளையும் எடுத்து, குச்சிகளை உதறிவிட்டு, மறுபடியும் அடுக்கத் தொடங்கினாள். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் அய்யா சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா வெளியே வந்ததும் இருவரும் பேசாமல் நடந்தார்கள்.'

இதற்கு மேல் எழுத முடியவில்லை. வீட்டுக்குப் போன பிறகு இருவரும் பேசிக்கொள்ளும் காட்சியைப் பலவிதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாம் நாடகமாக இருக்கிறது.

மெய்ப்புக்காரர் எழுதியது:

பத்தியை இட்டதற்கு நன்றி. நான் கவனித்தவற்றைச் சொல்கிறேன். தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பத்தியில் மூன்று பேர் இருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை 'நின்று எண்ணினார்'. அய்யா 'நின்றுகொண்டிருந்தார்'. மாரியம்மாள் மட்டும் 'தொடங்கினாள்'. வேலை செய்பவர் அவள், எண்ணுபவரும் காத்திருப்பவரும் அவர்கள். மரியாதை யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை என்பதைக் கதைசொல்லி எந்த இடத்திலும் விளக்கவில்லை. வினைமுற்றுகள் அதைச் சொல்லிவிட்டன. தமிழில் கதை எழுதுபவர் எவரும் இந்த இடத்தைத் தவிர்க்க முடியாது. ஒருவரைப் பற்றி எழுதத் தொடங்கியவுடனேயே 'ன்'னா 'ள்'ளா 'ர்'ரா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவில் எழுதுபவர் நிற்கும் இடம் தெரிந்துவிடும். பண்ணையாரை 'அவர்' என்றும் அவரிடம் வேலை செய்யும் முதியவரை 'அவன்' என்றும் எழுதிவிட்டு, கதை முழுக்கச் சமத்துவம் பேசும் படிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் நல்லவர்கள்தான். அவர்களுடைய கருத்து ஒரு பக்கமும் வினைமுற்று மறுபக்கமும் போவதை அவர்கள் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்ததாக, ஆலைக்குள் 'மாரியம்மாள்' என்று இருந்தவர் வாசலைத் தாண்டியதும் 'அம்மா' ஆகிவிட்டார். ஒரு பதிப்பாசிரியர் இதைப் பிழை என்று அடித்துவிடக்கூடும். அடிக்க விடாதீர்கள் என்று சொல்வேன். மகள் தன் தாயைக் கூலிக்கு வேலை செய்யும் ஒருத்தியாக, பெயரோடு, விலகி நின்று பார்க்கிறாள். வேலை முடிந்ததும்தான் அவள் அம்மாவாகத் திரும்பி வருகிறாள். இதை நீங்கள் அசோகமித்திரனிடமிருந்தும் எடுக்கவில்லை, லா.ச.ரா.விடமிருந்தும் எடுக்கவில்லை. நடையை விட்டுவிட்டு இந்தத் தூரத்தை மட்டும் பின்தொடர்ந்து உங்கள் மற்றக் கதைகளைப் படித்துப் பாருங்கள். அவற்றிலும் இது இருந்தால், நீங்கள் தேடியது அகப்பட்டுவிட்டது.

ஒரு கேள்வி: கணக்கப்பிள்ளை மாரியம்மாளைவிட வயதில் மூத்தவரா?

வல்லைவெளி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பேச்சுவழக்குப் பற்றிய பகுதிக்கு மட்டும் ஒரு குறிப்பு. இலங்கையில் 1960களில் மரபுப் போராட்டம் என்ற பெயரில் பெரிய விவாதமே நடந்தது. கதைகளில் பேச்சுமொழி புகுந்ததைப் பண்டிதர்கள் 'இழிசனர் வழக்கு' என்று இகழ்ந்தார்கள். கைலாசபதி, சிவத்தம்பி முதலிய விமர்சகர்கள் முற்போக்கு எழுத்தாளர்களின் பக்கம் நின்று அதை எதிர்த்து வாதாடினார்கள். டானியல் போன்ற எழுத்தாளர்களுக்கு அந்த வழக்கில் எழுதுவது நடை பற்றிய சோதனையாக இருக்கவில்லை. யாருடைய பேச்சு அச்சேறலாம், யாருடையது ஏறக்கூடாது என்ற உரிமைப் பிரச்சினையாகவே இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தங்கச்சி, இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. வட்டார வழக்கு வேண்டும் என்று வாசகர்களும் இதழாசிரியர்களும் கேட்கிறார்கள். கேட்கிறார்கள் என்பதற்காக அதைக் கொடுக்கத் தொடங்கினால் அது இன்னொரு வகைப் பண்டிதத்தனம். உம்முடைய பத்தியில் வட்டாரச் சொற்கள் நாலைந்துகூட இல்லை. ஆனாலும் 'கட்டை அடுக்குதல்' என்பதையும் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பதையும் விளக்கம் சொல்லாமல் எழுதியிருக்கிறீர். எனக்கு அந்தத் தொழில் தெரியாது. இருந்தாலும் படித்து விளங்கிக்கொண்டேன். அடிக்குறிப்புப் போடாத அந்த நம்பிக்கையை மட்டும் கைவிடாதேயும்.

சாத்தூர்க்காரி எழுதியது:

மெய்ப்புக்காரர் ஐயாவுக்கு: கணக்கப்பிள்ளை மாரியம்மாளைவிட இளையவர், என் பெரிய அண்ணன் வயதுதான் இருக்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் அப்பாவை 'வந்தாரு' என்றும் அம்மாவை 'வந்தா' என்றும் சொல்வதே வழக்கம். அப்படியே எழுத்துக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லும்வரை நான் அதைக் கவனித்ததில்லை.

ஆனால் ஓர் இடத்தில் உங்களோடு முரண்படுகிறேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு கணக்கப்பிள்ளையை 'அவன்' என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். 'அவன் எண்ணினான், காலால் ஒதுக்கினான்' என்று எழுதியவுடன் பத்தியின் சத்தம் கூடிவிட்டது. கோபம் என்னுடையதாகிவிட்டது, மாரியம்மாளுக்கு இருந்த கோபம் காணாமல் போய்விட்டது. அங்கே வேலை செய்யும் பெண்கள் யாரும் அவரை 'அவன்' என்று சொல்லமாட்டார்கள், அவர் இல்லாதபோதுகூட. எனவே 'அவர்' என்றே திரும்ப மாற்றிவிட்டேன். மாரியம்மாளை 'அவர்' ஆக்கவும் முயன்றேன். பாராட்டு விழா வரவேற்புரை மாதிரி இருந்தது. பழைய வடிவமே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். கருத்து ஒரு பக்கமும் வினைமுற்று மறுபக்கமும் போவது சில கதைகளில் வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதையில் வருபவர்களின் வாழ்க்கையே அப்படித்தான் இருக்கிறது.

மற்றக் கதைகளையும் எடுத்துப் பார்த்தேன். லா.ச.ரா. பாணியில் எழுதியதில்கூட ஒரு பெண் தன் அக்காளைக் கடைசிவரை பெயர் சொல்லியே விவரிக்கிறாள். நான் திட்டமிட்டுச் செய்ததில்லை.

ஈரடுப்பு அக்காவுக்கு: முடிந்த கதைகள் எல்லாம் ஆலைப் பேருந்தில் வீடு திரும்பும்போது கைப்பேசியில் தொடங்கியவை. ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியில் தொடங்கியவைதான் நிற்கின்றன. உங்களைப் போலவே இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மெய்ப்புக்காரர் எழுதியது:

முரண்பாட்டை ஏற்கிறேன். மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல வந்ததில்லை, தெரிந்து செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. இப்போது நீங்கள் தெரிந்து செய்கிறீர்கள். நேற்று இருந்த 'அவர்' வேறு, இன்று இருக்கும் 'அவர்' வேறு. அச்சில் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

ஒற்றைவிளக்கு எழுதியது:

பேருந்தில் தொடங்கியவை முடிவதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. கைப்பேசியின் சிறிய திரையில் முன்னால் எழுதியது மேலே ஏறி மறைந்துவிடும். திரும்பத் திரும்பத் திருத்த வசதியில்லை. மடிக்கணினியில் முதல் பத்தி முழுவதுமாகக் கண்முன்னே நிற்பதால், இரண்டாம் பத்திக்குப் போகாமல் அதையே மெருகேற்றத் தொடங்கிவிடுகிறோம். நான் தமிழ்99 விசைப்பலகையில் வேகமாகத் தட்டச்சிடுபவன்தான். அந்த வேகம் எனக்குத் திருத்துவதற்கே பயன்படுகிறது, முதல் வரைவைக் கையால் எழுதுகிறேன். குரல்வழித் தட்டச்சையும் முயன்றேன். உரையாடல் நன்றாக வருகிறது, விவரிப்பு மேடைப்பேச்சாகிவிடுகிறது. இவற்றையெல்லாம் எழுத்தாளரின் ஆளுமை என்று பெரிதாக்க வேண்டியதில்லை. ஆனாலும் கதை முடிகிறதா இல்லையா என்பதை இவைதாம் தீர்மானிக்கின்றன.

ஈரடுப்பு எழுதியது:

சாத்தூர்க்காரி, உங்கள் பத்தியை மறுபடியும் படித்தேன். அந்தக் கதை பாதியில் நிற்கிறது என்று ஏன் நினைக்கிறீர்கள்? 'இருவரும் பேசாமல் நடந்தார்கள்' என்று எழுதிவிட்டு, வீட்டில் அவர்களைப் பேச வைக்க முயல்கிறீர்கள். அந்த இருவரும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்பவர்களாகவே எனக்குத் தோன்றவில்லை. நின்றுபோன மற்றக் கதைகளும், இரண்டு பேர் வாய்விட்டுப் பேசியாக வேண்டிய கட்டத்தில்தான் நிற்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் அவற்றில் சிலவாவது முன்பே முடிந்துவிட்ட கதைகள். திட்டமிட்டு எழுதினால் கதை செத்துவிடுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். திட்டம் போடும்போது 'இறுதியில் உண்மை வெளிப்படுகிறது' என்று ஒரு வரி எழுதிவிடுகிறோம். உங்கள் மாந்தர்கள் உண்மையை வெளிப்படுத்துகிறவர்கள் இல்லை.

வடகரை எழுதியது:

இதை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஆபத்து என்று எச்சரிக்க விரும்புகிறேன். எழுத முடியாமல் நின்ற ஒவ்வோர் இடத்தையும் 'மௌனம்' என்று பெயரிட்டு முடிவாக்கிக்கொள்ளும் கதைகள் ஏற்கெனவே போதுமான அளவில் வந்துகொண்டிருக்கின்றன. கடினமான காட்சியை எழுத அஞ்சுவதும் அதை எழுதாமல் விடத் துணிவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். எழுதுபவருக்கு மட்டுமே வேறுபாடு தெரியும், அவருக்கும் சில வேளைகளில் தெரிவதில்லை.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தக் கதையை, முடியவில்லை என்று சொல்லாமல், இந்த விவாதத்தைப் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். 'மீதி எங்கே' என்று அவர் கேட்டால் கதை முடியவில்லை. கதையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முடிந்துவிட்டது. அதிகாலை ஒரு மணி நேரம் பற்றி நான் சொன்னதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. பேருந்து நேரமும் நாள்தோறும் வருவதுதானே, அதை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

சாத்தூர்க்காரி எழுதியது:

வடகரை ஐயா சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்காவிடம் கொடுத்தேன், அவர் கதைகள் அதிகம் படிப்பவர் அல்லர். மதிய உணவு வேளையில் படித்து முடித்துவிட்டு, 'அந்த ரெண்டு கட்டைக்கும் கூலி வந்துச்சா இல்லையா' என்று கேட்டார். இது 'மீதி எங்கே' என்று கேட்பதா, கதையைப் பற்றிப் பேசுவதா என்று எனக்கு விளங்கவில்லை. அய்யாவும் அம்மாவும் வீட்டில் என்ன பேசினார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

இப்போதைக்கு வீட்டுக் காட்சியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை கூலி போடும் இடத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். பேருந்தில்தான். நின்றுபோன மற்றக் கதைகளில் மூன்றில் ஈரடுப்பு அக்கா சொன்னது பொருந்துகிறது, ஒன்றில் பொருந்தவில்லை. அது வெறுமனே எனக்குச் சலித்துப்போன கதை.

மெய்ப்புக்காரர் எழுதியது:

கூலி போடும் காட்சியில் கணக்கப்பிள்ளை பெயர்களை உரக்கப் படிப்பார் அல்லவா? அவர் வாயில் மாரியம்மாள் எப்படி அழைக்கப்படுகிறார் என்பதை எழுதும்போது, கதைசொல்லி அவரை எந்தப் பெயரால் குறிக்கிறாள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பெயராக இருந்தால் படிப்பவருக்கு மகள் யார் பக்கம் நிற்கிறாள் என்ற ஐயம் வரும். அந்த ஐயம் உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்துகொண்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும் முழுக் கதையையும் இந்த இழையிலேயே இட்டால் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன், ஒற்றெழுத்துகள் சில விடுபடுகின்றன.